அரை விரல்

ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
"நிழலகம்" என்று செதுக்கச் சொல்லியிருந்தார்கள்.
ழ-வின் சுழியில் இறங்கிய பிட்
அங்கேயே நின்று சுற்றியது.
மரம் கருகும் வாசனை வந்த பிறகுதான்
சிவப்புப் பொத்தானை அடித்தேன்.

தலவாக்கலையில் அன்று காலை முழுக்கப் பனிமூட்டம்.
பட்டறை வாசலில் பஸ் நின்றது தெரியவில்லை,
ஹார்ன் மட்டும் கேட்டது.

உயரக் கைப்பிடியைச் சுற்றினேன்.
கால் சுற்று போய் முட்டியது.
எதிர்ப்பக்கம் கால் சுற்று.
நடுவில் ஒரு சின்ன ஆட்டம்,
விழப்போகிற பல்லுக்கு இருக்குமே, அது.
பலம் கொடுத்தேன்.
சொல்ல வெட்கம்தான்,
உள்ளே ஒரு பின் முறிந்தது.
அது என் கணக்கு, மெசினின் கணக்கல்ல.

ஹார்ட்வேர் இல்யாஸ் நானா வந்து பார்த்தார்.
"மோட்டர் போயிருச்சு."
உயரத்துக்கு மோட்டரே இல்லை நானா, கைப்பிடிதான்.
"அப்ப ஈரம்."
இந்த ஊரில் அந்தப் பதில் எதற்கும் பொருந்தும்,
பிந்திய ரயிலுக்கும்
வராத மாப்பிள்ளைக்கும்.

கொழும்புக்குப் போன் எடுத்தேன்.
விற்ற பையன் சொன்னான்,
"ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க அக்கா."
கைப்பிடியை எப்படித் தம்பி ஓஃப் பண்ணுவது?

நான்கு மூலையில் நான்கு திருகுக் கம்பிகள்.
அடியில் ஒரே செயின் நாலையும் இழுக்கும்.
ஒன்று பிந்தினால்
மற்ற மூன்றும் வேலைநிறுத்தம்.
எது பிந்தியது என்று கண்ணுக்குத் தெரியவில்லை.
அளவுகோல் வளைந்தது. கயிறு தொய்ந்தது.

அம்மா அன்று கிளினிக்குக்குப் போயிருந்தாள்.
கதவுக்குப் பின்னால் மட்டக்கம்பு சும்மா நின்றது.
கொழுந்துச் செடிமேல் கிடத்தி
மட்டத்துக்கு மேல் வந்ததை மட்டும் கிள்ளும் கம்பு.
அதைவிட நேரான பொருள்
எங்கள் லயத்தில் கிடையாது.

கம்பை நிறுத்தி வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன்.
முன் இடது. முன் வலது. பின் வலது.
மூன்றும் ஒரே கோட்டில் விழுந்தன.
பின் இடது அரை விரல் கீழே.

மல்லாந்து படுத்து டோர்ச் அடித்தேன்.
செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே
டர்பன்டைன் மரச் சிராய் ஒன்று,
பிசின் ஊறி இறுகி,
கூடுதலாய் முளைத்த கடவாய்ப்பல் மாதிரி.
செயின் ஒரு பல் தாண்டிப் போயிருந்தது.
தூள்பையைச் சனிக்கிழமை
சரியாய்க் கட்டாமல் ஓடியவள் யார்?
நான்தான். கடைசி பஸ்.

கொண்டை ஊசியால் கிண்டினேன்.
மண்ணெண்ணெய், பழைய டூத்பிரஷ்.
செயினைத் தளர்த்தி
பிந்திய கம்பியை மட்டும் கையால் சுற்றி
மேல் கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.
முறிந்த பின்னுக்கு ஆணி ஒன்றை அறுத்துப் போட்டேன்.
கிரீஸ் வைக்கவில்லை, அது தூளை அழைக்கும்.
கரண்ட் போன இரவுகளில் மிஞ்சிய
மெழுகுதிரித் துண்டைத் தேய்த்தேன்.
கைப்பிடி சுற்றியது.
முழுச் சுற்று. இன்னொன்று.
பிட் ழ-வை விட்டு எழுந்தது.
அடியில் கறுப்பாய் ஒரு குழி.

நாலு மணிக்குப் பரஞ்சோதி வந்தார்.
ஏழு பேர்ச்சில் கட்டிய புது வீடு.
இத்தனை காலம் அவர் கடிதங்கள்
தோட்ட ஆபீஸ் மேசையில் கிடந்து வந்தவை.
குழிக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார்.
"என் செலவுல புதுசா வெட்டித் தாரேன்" என்றேன்.
"வெட்டுங்க. பள்ளத்தோட குடிபோக ஏலாது."
போகும்போது பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.
"இது கோழிக்கூட்டுக்கு."

மறுநாள் பிரட்டுக்குக் கிளம்பிய அம்மா
கம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"யாரு இதுல ரெண்டு கோடு போட்டது?
கணக்கப்பிள்ளை கேட்டா என்னானு சொல்ல?"
அழிரப்பரைத் தேடி எடுத்தேன்.
பென்சில் நாருக்குள் இறங்கியிருந்தது.
பிளேடு தேடும்போது,
"விடு, நேரமாச்சு" என்றாள்.

இரண்டு கோடுகளோடும் கம்பு
படியிறங்கிப் பனிக்குள் போனது.
எனக்கு இன்னொரு நிழலகம்
வெட்டக் கிடந்தது.